கேம்ப்கிரவுண்ட் சீசன் கட்டணத்தைத் தேடிச் சொல்லும் டூல்: நீங்களே செய்துகொள்ள ஒரு வழிகாட்டி

கேம்ப்கிரவுண்டுக்கு, அதாவது கூடாரம் போட்டோ கேரவனை (காரில் இழுத்துவரும் வண்டிவீடு) நிறுத்தியோ தங்கும் இடத்துக்கு, ஒரு போன் வருகிறது. "29ஆம் தேதி சனிக்கிழமை வர்றோம், நாலு ராத்திரி தங்கணும், கரண்ட் இருக்கிற இடமா வேணும், எவ்வளவு ஆகும்?" கவுன்ட்டரில் இருப்பவர் லேமினேட் செய்த ரேட் கார்டைத் திருப்பிப் பார்க்கிறார், கால்குலேட்டரைத் தட்டுகிறார், ஒரு தொகையைச் சொல்கிறார். மதியம் வேறொருவர் அதே கேள்விக்கு வேறு தொகையைச் சொல்கிறார். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. கார்டில் 'ஆகஸ்ட் 31 வரை' என்று போட்டிருப்பதை ஆளுக்கொரு மாதிரி படித்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அந்த ஒரு கேள்விக்கு யார் கேட்டாலும் ஒரே பதில் வரும்படி ஒரு சின்ன டூலைச் செய்வது எப்படி என்றுதான் இங்கே பார்க்கப் போகிறோம். புக்கிங் எடுப்பது, பணம் வாங்குவது, எந்த இடம் காலி என்று பார்ப்பது எல்லாம் வேறு வேலை, அதை இதில் நுழைக்க வேண்டாம். தேதியும் இடத்தின் வகையும் கொடுத்தால் கட்டணம் வர வேண்டும், அந்தக் கட்டணம் எப்படி வந்தது என்பதும் கூடவே வர வேண்டும். பைத்தான் என்ற புரோகிராம் மொழியும் எஸ்க்யூலைட் என்ற சின்ன டேட்டாபேஸும் போதும். உங்களிடம் இருப்பது ஒரே வகை இடம், இரண்டே சீசன் என்றால் அதுகூட வேண்டாம், சுவரில் ஒட்டிய தாளே வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

முதலில் ரேட் கார்டு

கம்ப்யூட்டரைத் திறக்கும் முன் ரேட் கார்டை எடுத்துக்கொண்டு, அதை எழுதியவரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். கார்டில் மூன்று சமாச்சாரங்கள் பின்னிக் கிடக்கும். ஒன்று இடத்தின் வகை: வெறும் டென்ட் தரை, கரண்டும் தண்ணீரும் உள்ள கேரவன் இடம், கேபின் இப்படி. இன்னொன்று சீசன், அது தேதிகளின் தொகுப்பு, அதற்கு மேல் ஒன்றுமில்லை. மூன்றாவது ரேட் பிளான், அது நிபந்தனைகளின் தொகுப்பு: தினசரி, வாராந்திரம், ரத்து செய்தால் பணம் திரும்பாது, உறுப்பினர் சலுகை. விலை என்பது இந்த மூன்றும் சந்திக்கும் கட்டத்தில்தான் இருக்கிறது.

இதைப் பிரிக்காமல் 'கோடை வார இறுதி உறுப்பினர்' என்று ஒரே பெயரில் ஒரு பிளான் போட்டுவிட்டால் ஆரம்பத்தில் சுலபமாகத்தான் தெரியும். 5 வகை இடம், 4 சீசன், 3 பிளான் என்றாலே 60 விலை, அதில் வார நாள், வார இறுதி என்று பிரித்தால் 120. விலைகள் 120 இருப்பதில் தப்பில்லை, பெயர்கள் 120 இருந்தால்தான் அடுத்த வருடம் யாராலும் அதைத் தொட முடியாது.

அப்புறம் ஒரு வார்த்தைக் குழப்பம். கேம்ப்கிரவுண்ட் நடத்துபவர்கள் 'சீசனல்' என்று சொன்னால் பாதி நேரம் அது சீசனுக்குச் சீசன் மாறும் தினக் கட்டணம் இல்லை. கேரவனைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு சீசன் முழுக்க அதே இடத்தை வைத்துக்கொள்கிறார்களே, அவர்களைத்தான் 'சீசனல்' என்கிறார்கள். அது ஒப்பந்தம். கரண்ட் மீட்டர் தனியாக ஓடும், தொகையும் தவணையில் வரும். அதை இரவுக் கணக்குத் தேடலில் கலந்தால் 90 இரவு கேட்பவருக்கு 90 மடங்கு தினக் கட்டணத்தைச் சொல்லி விரட்டிவிடுவீர்கள். இத்தனை இரவுக்கு மேல் போனால் 'சீசன் ஒப்பந்தம், அலுவலகத்தில் பேசவும்' என்று டூல் சொல்லிவிட்டு நிற்கட்டும்.

விலை இரவுக்கு, புக்கிங்குக்கு அல்ல

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். விலையை ஒவ்வொரு இரவுக்கும் தனியாகக் கண்டுபிடித்துப் பிறகு கூட்டுங்கள். வந்து சேரும் நாளின் விலையை இரவுகளின் எண்ணிக்கையால் பெருக்காதீர்கள்.

மேலே போனில் கேட்டவரின் கணக்கையே போட்டுப் பார்ப்போம். 2026 ஆகஸ்ட் 29 சனிக்கிழமை வருகிறார், செப்டம்பர் 2 புதன்கிழமை கிளம்புகிறார். உச்ச சீசன் ஆகஸ்ட் 31 இரவோடு முடிகிறது. உச்ச சீசனில் வார இறுதி இரவு 60, மற்ற இரவு 45, அதற்குப் பிந்தைய இடைச் சீசனில் சாதாரண இரவு 30 என்று வைத்துக்கொள்வோம். டூல் காட்ட வேண்டியது இதுதான்:

சனி, ஆகஸ்ட் 29: உச்ச சீசன், வார இறுதி: 60
ஞாயிறு, ஆகஸ்ட் 30: உச்ச சீசன், சாதாரணம்: 45
திங்கள், ஆகஸ்ட் 31: உச்ச சீசன், சாதாரணம்: 45
செவ்வாய், செப்டம்பர் 1: இடைச் சீசன், சாதாரணம்: 30
மொத்தம் 4 இரவு: 180

முதல் நாள் விலையைப் பெருக்கியிருந்தால் 240 வந்திருக்கும். வாடிக்கையாளர் 60 அதிகம் கட்டியிருப்பார், அல்லது போனை வைத்துவிட்டு வேறு இடம் பார்த்திருப்பார்.

ஞாயிறு இரவு ஏன் சாதாரணக் கட்டணம் என்று சிலருக்குத் தோன்றும். சனி, ஞாயிறு விடுமுறை உள்ள இடத்தில் மறுநாள் வேலைக்குப் போக வேண்டியவர்கள் ஞாயிறு சாயந்திரமே கூடாரத்தைச் சுருட்டிவிடுவார்கள். அதனால் இரவுக் கணக்கில் 'வார இறுதி' என்பது பெரும்பாலும் வெள்ளி இரவும் சனி இரவும்தான். ஆனால் வார விடுமுறை எல்லா நாட்டிலும் ஒரே நாளில் வருவதில்லை, ஆகையால் எந்த இரவுகள் வார இறுதி என்பதைப் புரோகிராமுக்குள் புதைக்காமல் டேபிளில் வையுங்கள். அங்கேயும் நாளை எண்ணாகப் போடாமல் பெயராகப் போடுங்கள். பைத்தானின் வீக்டே கணக்கில் திங்கள்தான் 0, உலாவியில் ஓடும் மொழியான ஜாவாஸ்கிரிப்ட்டிலும் எஸ்க்யூலைட்டிலும் ஞாயிறுதான் 0. டேட்டாபேஸ் ஒரு எண்ணைச் சொல்லி, திரையில் அது வேறு கிழமையாகக் காட்டும் கூத்தை நான் பார்த்திருக்கிறேன். வியாழன் இரவுக்கு வார இறுதிக் கட்டணம் போய்க்கொண்டிருந்தது, மூன்று வாரம் யாரும் கவனிக்கவில்லை.

தேதிகளை எழுதிவைக்கும் விதம்

சீசனின் தொடக்கத் தேதி உள்ளே, முடிவுத் தேதி வெளியே. அதாவது ஜூன் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை என்ற சீசனை 2026-06-01, 2026-09-01 என்று பதியுங்கள், 'செப்டம்பர் 1 இதில் சேராது' என்பது விதி. கணினி விஞ்ஞானி டைக்ஸ்ட்ரா 1982இல் எண்ணுவதை ஏன் 0இல் தொடங்க வேண்டும் என்று ஒரு சின்னக் குறிப்பு எழுதினார், அதில் இந்த முறைக்குத்தான் வாதாடியிருக்கிறார்: இரண்டு எல்லைகளைக் கழித்தால் நீளம் அப்படியே கிடைக்கும், ஒன்றின் முடிவும் அடுத்ததன் தொடக்கமும் ஒரே எண்ணாக இருக்கும், நடுவில் இடைவெளி விழுந்ததா என்று விரல் விட்டு எண்ண வேண்டியதில்லை. நமக்கு இன்னொரு வசதியும் இருக்கிறது. தங்குவதே இந்த மாதிரிதான். செக்-இன் தேதிக்குக் காசு உண்டு, செக்-அவுட் தேதிக்குக் கிடையாது. சீசனும் தங்கலும் ஒரே மாதிரி எழுதப்பட்டால் எங்கேயும் ஒன்றைக் கூட்டுவதோ கழிப்பதோ வராது.

ஆனால் கவுன்ட்டரில் இருப்பவரிடம் 'செப்டம்பர் 1 சேராது' என்று பாடம் நடத்தாதீர்கள். திரையில் 'கடைசி இரவு: ஆகஸ்ட் 31' என்றே கேளுங்கள், உள்ளே போகும்போது ஒரு நாளைக் கூட்டிக்கொள்ளுங்கள். 'வரை' என்ற வார்த்தையைத் திரையில் எங்கேயும் வைக்காதீர்கள், காலையில் ஒன்று மதியம் ஒன்று என்று தொகை மாறியதே அதனால்தான்.

எஸ்க்யூலைட்டில் தேதிக்கென்று தனி வகை கிடையாது, எழுத்தாகத்தான் வைப்போம். வருடம், மாதம், நாள் என்ற சர்வதேசத் தர வரிசையில் (ஐ.எஸ்.ஓ. 8601) இருந்தால் எழுத்து வரிசையும் தேதி வரிசையும் ஒன்றாகவே இருக்கும், ஒப்பிடுவது சுலபம். ஒரே நிபந்தனை, முன்னால் உள்ள 0 விடுபடக் கூடாது. யாராவது எக்செல்லில் இருந்து 2026-9-1 என்று ஒட்டிவிட்டால் அது 2026-10-01க்குப் பிந்தையதாக ஆகிவிடும், ஏனென்றால் எழுத்தாகப் பார்க்கும்போது 9 என்பது 1க்குப் பின்னால் வருகிறது. உள்ளே விடும் வாசலிலேயே தேதியைச் சோதித்துத் திருப்பி அனுப்புங்கள்.

தேதியோடு நேரத்தையும் சேர்த்து வைக்காதீர்கள். கேம்ப்கிரவுண்ட் இரவுக்கு நேர மண்டலம் தேவையே இல்லை. ஜாவாஸ்கிரிப்ட்டில் வெறும் தேதியை மட்டும் கொடுத்து டேட் பொருளாக மாற்றினால் அது யு.டி.சி. (உலகப் பொது நேரம்) நள்ளிரவாக எடுத்துக்கொள்ளும், அமெரிக்கக் கண்டத்தில் இருப்பவரின் உலாவியில் முந்தைய நாள் தெரியும். கடிகாரத்தை முன்னும் பின்னும் தள்ளும் நாடுகளில் வருடத்தில் ஒரு நாளுக்கு 23 மணி நேரம்தான். இரண்டு நேரங்களைக் கழித்து 24ஆல் வகுத்து முழு எண்ணாக வெட்டினால் ஒரு இரவு காணாமல் போகும்.

'டிசம்பர் 20 முதல் ஜனவரி 5' மாதிரி வருடம் தாண்டும் சீசனுக்கு மாதமும் நாளும் மட்டும் போட்டு வைக்கலாம் என்று ஆசை வரும், வருடா வருடம் எழுத வேண்டாம் என்பதால். வேண்டாம். டிசம்பர் 20க்குப் பின்னும் ஜனவரி 5க்கு முன்னும் ஒரே நேரத்தில் இருக்கும் மாத-நாள் எதுவும் கிடையாது, தேடல் காலியாகத் திரும்பும். தெற்கு அரைக்கோளத்தில் கோடையே இப்படித்தான் வருடம் தாண்டுகிறது. முழுத் தேதியாகவே எழுதுங்கள், ஒவ்வொரு வருடமும் டேபிளில் புது வரிசைகள் (ரோ) போடுங்கள். பழையதை நகல் எடுத்தாலும் ஒவ்வொன்றையும் கண்ணால் பாருங்கள்: அதே தேதி அடுத்த வருடம் ஒரு கிழமை தள்ளி வரும், நடுவில் பிப்ரவரி 29 வந்தால் இரண்டு கிழமை. ஈஸ்டர் மார்ச் 22இல் இருந்து ஏப்ரல் 25க்குள் எங்கே வேண்டுமானாலும் விழும், அதை ஒட்டிய நீண்ட வார இறுதிக்குத் தனி விலை வைத்திருப்பவர்கள் நகல் எடுத்து மாட்டிக்கொள்வது வழக்கம்.

ஒன்றின் மேல் ஒன்று விழும் சீசன்கள்

கோடைக்கு நடுவே ஒரு நீண்ட வார இறுதி வருகிறது, அதற்கு மட்டும் விலை கூட. கோடையை மூன்று துண்டாக வெட்டலாம். அல்லது ஒவ்வொரு சீசனுக்கும் ஒரு முன்னுரிமை எண் கொடுத்து, அடியில் கோடையும் மேலே விசேஷ நாட்களுமாக அடுக்கலாம். நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். வெட்டிய துண்டுகளை அடுத்த வருடம் யாரும் சரியாகச் சேர்க்க மாட்டார்கள். அடுக்கு முறையில் ஒரு விசேஷ வரிசையை நீக்கினால் கீழே இருக்கும் கோடை தானாகத் தலைகாட்டும்.

ஒரே அடுக்கில் இரண்டு சீசன்கள் மோதக் கூடாது. மோதுகிறதா என்று கண்டுபிடிக்க ஒரே ஒரு சோதனை போதும்: முதலாவதன் தொடக்கம் இரண்டாவதன் முடிவுக்கு முன், இரண்டாவதன் தொடக்கம் முதலாவதன் முடிவுக்கு முன். இரண்டும் உண்மையானால் மோதல். தொடக்கமும் முடிவும் உள்ள இரண்டு காலத் துண்டுகளுக்கு நடுவே 13 விதமான உறவுகள் இருக்க முடியும் என்று கணினி விஞ்ஞானி ஜேம்ஸ் ஆலன் 1983இல் வகைப்படுத்தினார், அத்தனையையும் தனித்தனியாக எழுதி உட்கார வேண்டாம், இந்த ஒரு வரியே மோதல் வகைகள் எல்லாவற்றையும் பிடித்துவிடும். போஸ்ட்கிரெஸ் என்ற பெரிய டேட்டாபேஸைப் பயன்படுத்துபவர்களுக்கு இன்னும் சுகம். 9.2 பதிப்பில் இருந்தே தொடக்கத் தேதியையும் முடிவுத் தேதியையும் ஒன்றாக வைக்கும் தேதி வீச்சு என்ற வகை இருக்கிறது, விலக்கு விதி ஒன்றைப் போட்டுவிட்டால் மோதும் வரிசையை டேட்டாபேஸே உள்ளே விடாது. எஸ்க்யூலைட்டில் அது இல்லை, புது வரிசை சேர்க்கும்போது நீங்களே தேடிப் பார்க்க வேண்டும்.

தேடல் நடக்கும் விதம்

செக்-இன் தேதியில் தொடங்கி செக்-அவுட்டுக்கு முந்தின நாள் வரை ஒவ்வொரு இரவாகப் போங்கள். அந்த இரவைத் தனக்குள் வைத்திருக்கும் சீசன்களில் முன்னுரிமை அதிகமானதை எடுங்கள். அது வார இறுதி இரவா என்று பாருங்கள். இடத்தின் வகை, பிளான், சீசன், இரவின் வகை நான்கையும் வைத்து விலையை எடுங்கள். எடுத்ததைப் பட்டியலில் சேருங்கள். கூட்டல் கடைசியில்.

இதை டேட்டாபேஸிடம் கேள்வி கேட்கும் மொழியான எஸ்.க்யூ.எல்.லில் ஒரே வரியில் முடிக்கலாமே என்று தோன்றும், நானும் அப்படித்தான் முதலில் செய்தேன். எஸ்.க்யூ.எல்.லின் கூட்டல் காலியாக உள்ள மதிப்புகளைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். நான்கு இரவில் ஒன்றுக்கு விலை ஏற்ற மறந்திருந்தால் மூன்று இரவின் தொகை வரும், பிழை எதுவும் காட்டாது, தொகையும் பார்க்க நியாயமாகவே இருக்கும். அப்படி ஒரு குடும்பம் ஒரு இரவை இலவசமாகவே தங்கிவிட்டுப் போனது. கேட்கவும் முடியவில்லை, நாம் சொன்ன விலைதானே. இப்போதெல்லாம் விலை கிடைத்த இரவுகளை எண்ணிப் பார்த்து, தங்கும் இரவுகளின் எண்ணிக்கையோடு ஒத்துப்போகாவிட்டால் தொகையையே காட்டுவதில்லை.

விலை இல்லை என்பதிலும் வகைகள் உண்டு. அன்றைக்குக் கேம்ப்கிரவுண்ட் மூடியிருக்கும். அல்லது அடுத்த வருட விலை இன்னும் ஏற்றப்படவில்லை. அல்லது குறைந்தபட்ச இரவுகள் போதவில்லை. மூன்றுக்கும் தனித்தனிப் பதில் வேண்டும், எந்தத் தேதி என்பதோடு. 0 என்பது எந்தக் கேள்விக்கும் பதில் ஆகாது.

குறைந்தபட்ச இரவுகள் விஷயத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். வெள்ளி, சனி, ஞாயிறு இரவுகள் சேர்ந்த நீண்ட வார இறுதிக்கு 3 இரவு கட்டாயம் என்று வைத்திருக்கிறார்கள். செக்-இன் தேதியில் மட்டும் இந்த விதியைப் பார்த்தால், வியாழன் வந்து சனி காலை கிளம்பும் ஆள் இரண்டே இரவில் நுழைந்துவிடுவார், வெள்ளி இரவு போய்விடும், மிச்சத்தை விற்பது கஷ்டம். தங்கும் இரவுகளில் எதுவாவது அந்த நாட்களைத் தொட்டாலே விதி பொருந்தும் என்று வைத்தால் ஓட்டை அடையும். ஓட்டல் தொழிலில் இரண்டுமே புழக்கத்தில் உண்டு, எது வேண்டும் என்று உரிமையாளரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். அவர் 'ரெண்டும்தான்' என்று சொன்னால் இந்த வியாழன் உதாரணத்தைச் சொல்லி மறுபடி கேளுங்கள்.

வாராந்திரக் கட்டணம் வந்தால் இன்னொரு வேடிக்கை. மேலே சொன்ன விலையில் ஞாயிறு வந்து 6 இரவு தங்கினால் 45 வீதம் ஐந்து இரவுக்கு 225, வெள்ளி இரவுக்கு 60, ஆக 285. வாரக் கட்டணம் 280 என்றால் 7 இரவு தங்குவது 6 இரவைவிட மலிவு! டூல் இதைத் தானாகக் கண்டுபிடித்து 'ஒரு இரவு கூட்டினால் 5 குறையும்' என்று சொன்னால் கவுன்ட்டரில் இருப்பவருக்குப் பெருமை. 9 இரவு என்றால் ஒரு வாரமும் இரண்டு தினக் கட்டணமுமா, அல்லது வாரக் கட்டணத்தை ஏழாகப் பங்கிட்டு ஒன்பதால் பெருக்குவதா, சீசன் மாறும் வாரத்துக்கு எது பொருந்தும் என்பதெல்லாம் உங்கள் முடிவு அல்ல. கேளுங்கள்.

பணம்

தசமத்தில் வைக்காதீர்கள். 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டினால் கம்ப்யூட்டர் 0.30000000000000004 என்று சொல்லும். மிகச் சிறிய அலகில் முழு எண்ணாக வையுங்கள், கூடவே நாணயக் குறியீட்டையும். நூறால் வகுத்தால் போதும் என்று நினைக்க வேண்டாம், ஜப்பானிய யென்னுக்குத் தசமமே கிடையாது, குவைத் தினாருக்கு மூன்று இலக்கம். வரியை ஒவ்வொரு இரவிலும் ரவுண்ட் செய்வதா மொத்தத்தில் ஒரே முறையா என்பதை முதலிலேயே தீர்மானித்துவிடுங்கள், கணக்காளரோடு பேசி.

விலை மாறும்போது பழைய வரிசையைத் திருத்தி எழுதாதீர்கள். புது வரிசை போட்டு, இன்ன தேதியில் இருந்து புக்கிங் செய்பவர்களுக்கு இது என்று குறியுங்கள். தங்கும் தேதி ஒன்று, விலை கேட்ட தேதி இன்னொன்று, இரண்டும் வேறு. சொன்ன விலையை அதன் இரவுப் பட்டியலோடு அப்படியே சேமித்துவிட்டால், இரண்டு மாதம் கழித்து "நீங்கதானே 180 சொன்னீங்க" என்று வருபவரிடம் தேடித் தடுமாற வேண்டியதில்லை.

சாட்பாட் ஒன்றோடு இந்த டூலை இணைக்கப் போகிறீர்கள் என்றால் கூட்டலை அதனிடம் விடாதீர்கள். இரவுப் பட்டியல், மொத்தம், விலை இல்லாததற்கான காரணம் மூன்றையும் டூலே கொடுக்கட்டும், சாட்பாட் வாசித்துக் காட்டினால் போதும். தேதி தெளிவாக இல்லாவிட்டால், 'அடுத்த வெள்ளி' மாதிரி, டூல் ஊகிக்காமல் திருப்பிக் கேட்க வேண்டும்.

சோதித்துப் பார்ப்பது

பழைய ரசீதுகளில் பத்தை எடுத்து, கையால் கணக்குப் போட்டவை, டூலில் போட்டுப் பாருங்கள். ஒத்துவராதவற்றில் சிலவற்றில் ரசீதுதான் தப்பாக இருக்கும், அதிர்ச்சியடைய வேண்டாம். அதோடு சீசனின் கடைசி இரவு மட்டும், முதல் இரவு மட்டும், டிசம்பர் 31 தாண்டும் தங்கல், செக்-இன்னும் செக்-அவுட்டும் ஒரே நாளாக உள்ள தப்பான கேள்வி எல்லாவற்றையும் போட்டுப் பாருங்கள். பிப்ரவரி 28 வந்து மார்ச் 1 கிளம்புபவருக்கு 2027இல் ஒரு இரவு, 2028இல் இரண்டு இரவு வர வேண்டும்.

எல்லாம் சரியாக வந்த பிறகு அந்த லேமினேட் கார்டை டூலில் இருந்தே அச்சடியுங்கள், அச்சடித்த தேதியோடு. பழைய கார்டுகள் டிராயரில், காரின் டாஷ்போர்டுப் பெட்டியில், கழிப்பறைப் பக்கத்து அறிவிப்புப் பலகையில் என்று எங்கெங்கோ கிடக்கும், தேடி எடுத்துக் கிழித்துப் போடுங்கள்.